ஒரு வன்தட்டின் பாகப்பிரிவினை

மலரின் தமிழ்ப்பகுதிக்கு யாதேனும் எழுதித்தருக என்று பதிப்பாசிரியர் எம்மைப் பணித்தபோது, அவர் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சியொன்று என்பதை யாம் அறியாமலில்லை. முப்பதாண்டு தமிழ் பயிற்றியவரிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும், சென்ற 2025-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் எம் இல்லத்து நிகழ்ந்த ஒரு பாகப்பிரிவினை இன்றளவும் எம் சித்தத்தை விட்டு நீங்காமையால், அதனையே எழுதத் துணிந்தோம். பிரிக்கப்பட்ட சொத்து, எம் மேசைமீதிருக்கும் பழைய கணினியின் வன்தட்டு. பங்காளிகள் இருவர், விண்டோஸ் என்னும் இயங்குதளம் ஒருவர், லினக்ஸ் என்னும் இயங்குதளம் மற்றொருவர். நடுவராய் நின்று பிரித்தோர் யாம். அத்தொழிலை அறியாது பிரித்தோம் என்பதையும் முதற்கண்ணே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அத்தட்டில் இருந்தது இன்னதென்று கூறினாலன்றி எம் பதைப்பு நேயர்களுக்கு விளங்காது. எம் தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் தமிழாசிரியராய் இருந்தவர். 1983 முதல் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள், பள்ளி விடுமுறை வந்தபோதெல்லாம் மிதிவண்டியில் ஊரூராய்ச் சென்று, உழவர் வாயினின்றும் வேளாண்மைச் சொற்களைத் திரட்டினார். காருக்கும் பிசானத்துக்கும் உரிய சொற்கள். மடை, மறுகால், தொழி, பொழி என்றாற்போல நீரையும் நிலத்தையும் பற்றிய சொற்கள். நாற்றுக்கும் கதிருக்கும் களத்துக்கும் உரியவை. நாலாயிரத்துக்கு மேற்பட்டன. சொல்லொன்றுக்கு ஒரு சீட்டு. சீட்டுதோறும் சொன்னவர் ஊரும் நாளும். சீட்டுகளைக் கரையான் கண்ணுறவே, 1999-இல் கடன்பட்டு ஒரு கணினி வாங்கி, பேஜ்மேக்கர் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் தாமே ஒற்றை விரலாற் தட்டத் தொடங்கினார். முடித்தவை கோப்புகளாக நின்றன. கரையான் தின்ற சீட்டுகள் எரிக்கப்பட்டன. 2011-இல் அவர் மறைந்தார். நூல் அச்சேறவில்லை.

அந்நாளிற் கணினியில் தமிழ் எழுதியவர் பட்ட பாட்டை இக்காலத்து மாணாக்கர் அறியார். யூனிகோட் என்னும் பொதுக்குறியீட்டில் 1991-இலேயே தமிழுக்கு இடம் வகுத்தாயிற்று. ஆயினும் விண்டோஸ் குடும்பத்துள் அதனை முதலில் ஏற்றது 2000-ஆம் ஆண்டின் பதிப்பே. எம் தந்தையார் தொடங்கிய காலத்து எழுத்துருக்களோ, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. கண்ணுக்கு அது ககரம். கணினிக்கு அஃது ஏதோ ஓர் ஆங்கிலக் குறி. அந்த எழுத்துருவை நீக்கிவிட்டால் மறுகாலும் மடையும் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். பேஜ்மேக்கரோ 2001-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. ஒரு குறியீட்டை மற்றொன்றாக மாற்றித்தரும் மென்பொருள்கள் உள. எனினும் கோப்பை அதன் பழைய இருப்பிடத்திலே திறந்து, பகுதி பகுதியாகப் பெயர்த்து, மாற்றி, எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி நம்பலாகாது. ஓய்வு பெற்றபின் அப்பணியைத் தொடங்கி, ககர வரிசையளவில் முடித்திருந்தோம்.

இந்நிலையில் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பதினோராம் பதிப்பை ஏற்பதற்கு எம் கணினிக்குத் தகுதியில்லை. அதன் செயலி இன்டெல்லின் நாலாந்தலைமுறை. பதினொன்று கேட்பதோ எட்டாந்தலைமுறையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும். புதிது வாங்கலாமே என்பீர்கள். ஓய்வூதியக்காரர் வீட்டில் நல்ல நிலையில் ஓடும் பொருளை வீசியெறியும் வழக்கம் இல்லை. ஆகவே, இணையத்துக்கும் அன்றாட எழுத்துக்கும் லினக்ஸ். தந்தையார் நூலுக்கு மட்டும் விண்டோஸ், அதுவும் இணையத்தொடர்பை அறுத்துவிட்டு. இரண்டும் ஒரே தட்டில், என்று தீர்மானித்தோம். ஒன்றினுள் மற்றொன்றை ஓடவிடும் வழியும் உண்டாம். 4 கிகாபைட் நினைவகமுடைய எம் கிழப்பொறி அச்சுமையைத் தாங்காது.

எம் தங்கையின் மகன் நம் கல்லூரியிலேயே கணினியியல் இரண்டாமாண்டு பயில்கின்றான். விடுமுறைக்கு நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் இரண்டு நாள் எம்மோடு தங்கி இதனைச் செய்துதருவதாக ஒப்பினான். யாம் பாடம் சொல்லிப் பழகியவர். அவ்விரண்டு நாளும் பாடம் கேட்டோம்.

எம் தட்டு 500 கிகாபைட் என்று விற்கப்பட்டது; விண்டோஸ் அதனை 465 என்று காட்டுகின்றது. எவரும் களவாடிவிடவில்லை. விற்பவர் ஆயிரத்தாற் பெருக்குகின்றனர். விண்டோஸ் 1024-ஆற் பெருக்குகின்றது. ஊருக்கொரு மரக்கால் இருந்த நாட்டினருக்கு இது புதிதன்று. அத்தட்டு முழுவதும் 97,67,73,168 கட்டங்களாக எண்ணிடப்பட்டுள்ளது. கட்டமொன்றுக்கு 512 பைட். பாகம் பிரித்தல் என்பது, இன்ன எண் முதல் இன்ன எண் வரை ஒருவருக்கு என்று தட்டின் தலைப்பில் எழுதிவைத்தலே. நிலத்தில் நடும் கல்போல அங்கே ஒன்றும் நடப்படுவதில்லை. பட்டாவில் மட்டுமே எல்லை உண்டு.

இப்பட்டா முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐபிஎம் நிறுவனத்தார் 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டோடு எக்ஸ்டி என்னும் கணினியை வெளியிட்டபோது, அதனோடு வந்த டாஸ் 2.0 தட்டின் முதற்கட்டத்தில் 64 பைட்டை இதற்கென ஒதுக்கிற்று. பாகமொன்றுக்கு 16 பைட். ஆகவே நான்கு பாகமே. ஒரு தட்டில் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியிருக்கலாம் என்னும் நோக்கம் அன்றே அதில் அடங்கியிருந்தது. வெறும் 10 மெகாபைட்டில் நால்வரைக் குடிவைக்க எண்ணிய தாராளத்தை என்னென்பது! பின்வந்த ஜிபிடி முறையிலோ வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் உண்டு. பாகமொன்றுக்கு 128 பைட். பட்டாவின் மறுபடி ஒன்று தட்டின் கடைக்கோடியிலும் வைக்கப்படும். எம் கணினி இம்முறையினது.

அதில் ஸி என்பது 385 கிகாபைட். விண்டோஸ் அங்கே குடியிருந்தது. அதனையடுத்து டி, அது 80. தந்தையார் கோப்புகள் டியில் இருந்தன. இவற்றுக்கு முன்னே 100 மெகாபைட் அளவில் ஒரு சிறு பாகம் உண்டு. கணினி விழித்தவுடன் அங்கே சென்று, எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று பார்க்குமாம். லினக்ஸ் வந்தாலும் அதற்கெனத் தனியே ஒன்று வேண்டுவதில்லை. அதே பாகத்தில் தனக்கென ஓர் அறை அமைத்துக்கொள்ளும். இதனை மருமகன் விளக்கியபோது எமக்குப் பாட்டனார் வீடு நினைவுக்கு வந்தது. 1974-இல் எம் தந்தையாருக்கும் பெரியப்பாவுக்கும் அதனைப் பிரித்தபோது முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. கிணறு மட்டும் பொது என்று பத்திரத்தில் எழுதினர். சுவர் எழுந்தபின் இரு வீட்டாரும் பேசிக்கொண்ட இடம் அக்கிணற்றடி ஒன்றே.

நிற்க. ஸியில் 80 கிகாபைட்டைக் குறைத்து லினக்ஸுக்குக் கொடுப்பது திட்டம். ஸியில் பாதிக்கு மேல் வெற்றிடம் இருந்தும், முதலிற் கேட்டபோது விண்டோஸ் விட்டுக்கொடுக்க இசைந்தது 9 கிகாபைட் மாத்திரமே. பெரிய மாளிகையில் நடு அறையிற் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, சுவரை இதற்கு மேல் நகர்த்தாதே என்னும் கிழவரைப் போன்ற நிலை. அசையாக் கோப்புகள் சில நடுவில் அமர்ந்திருந்தன. உறக்கநிலைக் கோப்பு ஒன்று, நினைவகத்துக்குத் துணைநிற்கும் கோப்பு ஒன்று, பழைய நிலைக்கு மீள்வதற்கென வைத்த படிகள் சில. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய் நிறுத்தி, கணினியை அணைத்து எழுப்பியபின் கேட்டால், நூற்றுக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. விண்டோஸ் இவ்விடத்தில் மெகாபைட்டிற் கேட்குமாதலின் 81920 என்று எழுதினோம்.

உறக்கநிலையை நிறுத்தியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. விரைவுத் துவக்கம் என்று ஒரு வசதி உண்டு. அது செயற்படும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முற்றும் உறங்குவதில்லை. தன் நினைவின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவிட்டுக் கண்மூடிக் கிடக்கும். அந்நேரத்தில் லினக்ஸ் எழுந்து விண்டோஸின் பாகத்தில் எதையேனும் மாற்றிவைத்தால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவோடு எழுதப்புகுந்து யாவற்றையும் குழப்பிவிடும். இதனை மருமகன் இருமுறை எமக்குச் சொன்னான்.

மூன்றாம் நாட்காலை அவன் புறப்பட வேண்டியதாயிற்று. லினக்ஸைத் தாங்கிய பென்டிரைவ் ஒன்றை எம் கையிற் கொடுத்து, "மாமா, திங்கட்கிழமை பெரிய தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன். தாத்தாவின் கோப்புகளைப் படியெடுத்தபின்தான் மற்றது. அதுவரை இதனை வைத்து வேடிக்கை பார்க்கலாம், ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள்" என்று சொல்லிப்போனான். யாமும் தலையசைத்தோம். மாணாக்கர் எம்முன் தலையசைத்துவிட்டு எங்ஙனம் நடப்பரோ, அங்ஙனமே நடந்தோம்.

அன்று மாலை விண்டோஸில் தட்டின் படத்தைத் திறந்து பார்த்தோம். ஸிக்கும் டிக்கும் நடுவே, ஒதுக்கப்படாத இடம் கரும்பட்டையாய்க் கிடந்தது. உழாத கரிசல்போற் கிடக்கின்றதே, குடிவருமுன் பண்படுத்தி வைப்போம் என்று ஒரு பேதைமை. அதன்மேற் சொடுக்கிப் புதிய பாகமாக அமைத்தோம். பட்டை நீலமாயிற்று. பெயர் கேட்டதற்கு, அது தானே முன்மொழிந்த நியூ வால்யூம் என்பதையே விட்டுவிட்டோம். ஆண்டுகட்கு முன் டி பாகத்தை அமைத்தவரும் இதே சோம்பலோடு இதே பெயரை விட்டிருந்தனர் என்பது அப்போது எம் கருத்திற் படவில்லை.

ஞாயிறு இரவு உறக்கம் வரவில்லை. பென்டிரைவைச் செருகி லினக்ஸை எழுப்பினோம். அஃது ஒரு நல்ல ஏற்பாடு. தட்டிற் குடியேறாமலே, வாசலில் நின்று தன்னைக் காட்டும். அதில் ஜிபார்ட்டெட் என்னும் பாகம்பிரிக்கும் கருவி இருந்தது. திறந்தோம். ஸி, டி என்னும் எழுத்துகள் அங்கே இல்லை; அவை விண்டோஸ் இட்டுக்கொண்ட செல்லப்பெயர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண்ணே இருந்தது. ஸிக்குப் பின் இரண்டு பாகங்கள். இரண்டும் 80 கிகாபைட். இரண்டின் பெயரும் நியூ வால்யூம். யாம் பண்படுத்தியது வீண் என்றும், லினக்ஸுக்கு அதன் வகைப்படியே வேறு பாகம் வேண்டும் என்றும் இதற்குள் படித்தறிந்திருந்தோம்; ஆகவே புதியதை அழித்துவிட எண்ணினோம். எது புதியது? பின்னர் அமைத்தது பின்னேதான் நிற்கும் என்று கொண்டோம். பயன்பட்ட அளவு என்று ஒரு நிரல் அருகிலேயே இருந்தது. அதனைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். பாராது பின்னதை அழித்து, பச்சைக் குறியை அழுத்தினோம். இஃது உங்கள் தரவை இழக்கச்செய்யலாம் என்று எச்சரித்தது. எச்சரிக்கைகளை வாசியாது கடக்கும் வழக்கம் எமக்கு வந்துவிட்டிருந்தது. எல்லாச் செயல்களும் வெற்றியாய் முடிந்தன என்று கருவி அறிவித்தது.

எஞ்சிய பாகத்தை, தந்தையார் கோப்புகளைப் பார்த்துக்கொள்வோம் என்று திறந்தோம். உள்ளே ஒன்றுமில்லை.

பிசானம் அறுத்த வயலின் வெறுமையை நேயர் கண்டிருப்பீர்கள். அங்கேயாவது தாள் நிற்கும். யாம் எவ்வளவு நேரம் அத்திரையை நோக்கியிருந்தோம் என்பது நினைவில் இல்லை. பின்பு பீரோவைத் திறந்து, 2006-இல் தந்தையார் பதிந்துவைத்த குறுந்தகடு ஒன்றைத் தேடி எடுத்தோம். கணினி அதனைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து வெளியே தள்ளிவிட்டது. தாளில் அச்சிட்டவை முதல் நாற்பது பக்கங்கள். யாம் மாற்றிய ககர வரிசை எம் மின்னஞ்சலில் இருந்தது. மற்றவை எல்லாம், சகரத்திலிருந்து வன்னகரத்தளவும், அந்த அழிந்த எல்லைக்குள்.

இரவு இரண்டுமணிக்கு மருமகனைத் தொலைபேசியில் அழைத்தோம். யாம் சொல்லி முடிக்குமுன்னே அவன் எழுந்து உட்கார்ந்ததை உணர்ந்தோம். "மாமா, அதற்குப்பின் வேறு ஏதாவது செய்தீர்களா? புதிதாகப் பாகம் அமைத்தீர்களா?" என்றான். இல்லை என்றோம். "அப்படியே அணைத்துவிடுங்கள். நான் வரும்வரை எழுப்பவே வேண்டாம்" என்றான். எம்மைக் கடிந்துகொள்வான் என்று எதிர்பார்த்தோம், அவன் கடியவில்லை, அதனாலேயே நிலைமை கடுமையானது என்று அஞ்சினோம்.

விடியலில் எம் தாயார் அடுக்களைக்குப் போகும் வழியில் எம் அறைவாயிலில் நின்றார். அவருக்கு வயது 84. தந்தையார் சொற்கள் திரட்டிய நாள்களில், மகளிரிடம் கேட்கவேண்டிய நடவுச் சொற்களையும் களையெடுப்புச் சொற்களையும் கேட்டுவந்தவர் அவர்தாம். "ஏன் ஐயா, ராத்திரி முழுதும் விளக்கு எரிந்ததே, உடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை அம்மா, படித்துக்கொண்டிருந்தேன் என்றோம். "அப்பா புத்தகமா?" என்றார். ஆம் என்றோம். அறுபத்திரண்டாம் வயதில் தாயிடம் பொய் கூறுவது பத்து வயதிற் கூறுவதைவிட எளிதாயில்லை.

மருமகன் முதற்பேருந்தில் வந்து சேர்ந்தான். கடை திறக்கும்வரை காத்திருந்து 1 டெராபைட் வெளித்தட்டு ஒன்று வாங்கிவந்தான். எமக்கிருந்த அவசரம் அவனுக்கில்லை. முதலில் எம் தட்டு முழுவதையும், வெற்றிடம் உட்பட, கட்டம் கட்டமாக அப்படியே புதிய தட்டில் ஒரு படமாகப் படியெடுத்தான். எம் கணினியின் பழைய யுஎஸ்பி வாயிலில் அதற்கு ஐந்து மணிநேரம் ஆயிற்று. தேடுவதற்கு முன் இது எதற்கு என்று கேட்டோம். "தேடும்போது நான் தவறு செய்தால்?" என்றான்.

அவ்வைந்து மணிநேரத்தில் அவன் சொன்னதே எமக்கு ஆறுதல். பாகத்தை அழித்தல் என்பது பட்டாவில் ஒரு வரியை நீக்குதல். 128 பைட் கொண்ட அவ்வரியில் அடங்குவன யாவை என்று எம் கையேட்டில் எழுதிக் காட்டினான்: பாகத்தின் வகைக்கு 16, அதற்கே உரிய அடையாள எண்ணுக்கு 16, தொடக்கக் கட்டத்துக்கு 8, இறுதிக் கட்டத்துக்கு 8, இயல்புகளுக்கு 8, பெயருக்கு 72. எம் தந்தையார் திரட்டிய சொற்களில் ஒன்றும் இவற்றுள் இல்லை. அவை தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின்மீது வேறெதுவும் எழுதப்படாதவரை. அன்றிரவு யாம் இன்னும் ஒரு படி மேற்சென்று லினக்ஸை அங்கே குடியேற்றியிருந்தால், கதை வேறாயிருக்கும். மேலும் எம்முடையது சுழலும் தகடுகளையுடைய பழைய வகை. இக்காலத்து எஸ்எஸ்டி வகையாயின், இன்ன இடம் வெறிதாயிற்று என்று இயங்குதளம் அறிவித்தவுடன் அது தன் வசதிக்கு அங்கே உள்ளதைத் துடைத்துவிடவுங் கூடும். பழைய பொருளை வீசாதிருந்ததற்கு அன்று ஒரு பயன் கண்டோம்.

மாலை நான்கு மணியளவில் டெஸ்ட்டிஸ்க் என்னும் கருவியைத் தொடங்கினான். கிறிஸ்தோப் கிரெனியே என்பார் ஆக்கி யாவருக்கும் இலவசமாக அளித்திருப்பது அது. படம் ஒன்றும் இல்லை, கருந்திரையில் வெள்ளெழுத்துகள். தட்டைக் கட்டம் கட்டமாய் நோக்கி, இங்கே ஒரு பாகம் தொடங்கியதற்கு அடையாளம் உண்டா என்று தேடிச்செல்லும். பட்டாவைக் கிழித்துவிட்டாலும் பழைய வரப்பின் தடம் மண்ணிற் கிடக்கும் அன்றோ. விண்டோஸ் வகைப் பாகத்தின் முதற்கட்டத்தில் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். அதன் மறுபடி ஒன்று பாகத்தின் இறுதிக் கட்டத்திலும் இருக்கும். சில நிமிடங்களில் ஐந்தாறு வரிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றின்மேல் நிறுத்தி, பட்டியலைக் காட்டும் விசையை அழுத்தினான்.

சொல்-1 முதல் சொல்-18 வரை, ஆங்கில எழுத்தில் எம் தந்தையார் இட்ட பெயர்கள், வரிசையாய் நின்றன. பக்கத்தே அவர் கடைசியாய்த் தொட்ட நாள்கள். இறுதிக் கோப்பின் நாள் 2005 மார்ச்சு.

மருமகன் அப்போதும் பட்டாவில் எழுத விடவில்லை. கோப்புகள் யாவற்றையும் முதலில் வெளித்தட்டுக்குப் பெயர்த்தான். வேறொரு கணினியில் அவற்றின் அளவுகளை ஒப்பிட்டான். அதன்பின்னரே நீங்கிய வரியை மீண்டும் எழுதுமாறு கருவிக்குக் கட்டளையிட்டான். கணினியை அணைத்து எழுப்பியபோது டி இருந்த இடத்தில் இருந்தது. பேஜ்மேக்கரைத் திறந்து ஏழாம் கோப்பை விரித்தோம். தகர வரிசை. 'தொழி' என்னும் சொல்லும், அதைச் சொன்ன முதியவரின் ஊரும், நாளும். அறையை விட்டு வெளியே சென்று சற்று நின்றுவிட்டு வந்தோம்.

எஞ்சியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இம்முறை டிக்குத் தந்தை நூல் என்று பெயரிட்டோம். இடையிற் கிடந்த வெற்றுப் பாகத்தை மருமகன் அழித்து, லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்4 வகையில் அமைத்தான், அழிக்குமுன் எம்மையும் அழைத்துப் பயன்பட்ட அளவைப் படிக்கச் சொன்னான், படித்தோம். உபுண்டு என்னும் லினக்ஸ் வகை அரைமணி நேரத்திற் குடியேறிற்று. கணினியை எழுப்பினால் கிரப் என்னும் வாயில்காப்பான் முன்வந்து இரண்டு பெயர்களையும் காட்டிச் சில விநாடி காத்திருக்கும். யாம் ஒன்றும் சொல்லாவிடின் லினக்ஸிடம் விட்டுவிடும்.

ஒரு சச்சரவு மட்டும் சில நாள் நீடித்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குச் சென்றால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கியிருக்கும். கணினியினுள் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் ஒன்றே. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கின்றது. அதில் இருக்கவேண்டியது உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் கொள்கின்றது. நம் நாட்டு நேரம் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாதலின், ஒருவர் திருத்திவைத்ததை மற்றவர் வேறாகப் படித்தனர். பெரியப்பா வீட்டில் மணி அடித்தால் எம் வீட்டில் அதனை ஒப்பாத காலமும் ஒன்று உண்டு. லினக்ஸுக்கு ஒரு கட்டளையிட்டு உள்ளூர் நேரத்துக்கே இசையச் செய்தான் மருமகன். இசைந்து போகக்கூடியது எதுவோ அதனிடந்தானே கேட்கவேண்டும் என்றான். தன் மாமாவையும் எண்ணித்தான் சொன்னானோ, அறியோம்.

இப்போது கோப்புகள் மூன்றிடத்தில் உள்ளன: எம் தட்டில், வெளித்தட்டில், நாகர்கோவிலில் தங்கை வீட்டில். மாலைதோறும் வாயில்காப்பானிடம் விண்டோஸ் என்று சொல்லிப் புகுந்து ஒரு பக்கம் பெயர்த்தெடுக்கின்றோம். மறுநாட்காலை லினக்ஸில் அதனை ஒப்பிட்டுத் திருத்துகின்றோம். ஒப்பிடும்போது தாயாருக்கு வாசித்துக்காட்டுவது வழக்கமாயிற்று. அன்றைய இரவின் செய்தியையும் ஒருநாள் சொல்லிவிட்டோம். அவர் திகைக்கவில்லை, "சீட்டை எரித்தபோதே நான் வேண்டாமென்று சொன்னேன்" என்றார்.

சென்ற வாரம் பகர வரிசைக்கு வந்தோம். பிசானத்துக்கு ஐப்பசியில் நடவு என்று தந்தையார் எழுதியிருந்ததை வாசித்தோம். தாயார் கையமர்த்தி, "அது உங்கள் அப்பா ஊரில். அவர்களுக்குத் தண்ணீர் முதலில் வரும். எங்கள் ஊர் கடைமடை. கார்த்திகை பிறந்துதான் நடுவோம். எத்தனை முறை சொன்னேன், எழுதவேயில்லையா?" என்றார். மற்ற சீட்டுகளிற் கண்டவாறே அவர் ஊரையும் அன்றைய நாளையும் குறித்து, அச்சொல்லின் கீழ் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம்.